அண்ணன் அனுப்பிய புண்ணாக்கு

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் போகும் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் உண்ணாமலை உட்கார மாட்டாள். படிக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவாள். கண்டக்டர் ஒருநாள் கேட்டே விட்டார். "நீ நின்னுகினு வந்தா பஸ்சு சீக்கிரமா போய்டுமாம்மா?"

"போவாது. எறங்கறதுக்கு லேட்டாவாதுல்ல" என்றாள்.

அவள் சுபாவம் அப்படி. ஒரு வேலை கையில் இருக்கும்போதே மனம் அடுத்த வேலையில் போய் நின்றுவிடும். கணவன் இராமலிங்கம் நேர்மாறு. ஆட்சியர் அலுவலகத்தில் பதிவறை எழுத்தர், எந்தக் காகிதமும் ஒருநாள் தானாக நகரும் என்று நம்புகிறவன். 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது வேலூரிலிருந்து மாற்றலாகி, மூன்று வயது மகள் அருணாதேவியோடு வேங்கிக்காலில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தார்கள்.

கீழ்பென்னாத்தூருக்கு வடக்கே உண்ணாமலையின் பெயரில் ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. கல்யாணத்தின்போது அப்பா எழுதிவைத்தது. பள்ளத்து நிலம். மழை பெய்தால் வாய்க்கால் தண்ணீர் வந்து தேங்கிக்கொள்ளும், நெல் நட்டால் வேர் அழுகும். மேட்டு நிலமும் எண்ணெய் மில்லும் அண்ணன் பரசுராமனுக்குப் போயின. அதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் நிலம் சும்மா கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளங்கால் அரிப்பது போல இருக்கும்.

பள்ளத்து நிலத்தில் மீன் குட்டை வெட்ட அரசாங்கம் உதவி செய்கிறது என்று இராமலிங்கம் ஒரு ராத்திரி சாப்பிடும்போது சொன்னான். மறுநாள் காலை அவன் சட்டை போடும் முன்பே அவள் மனு எழுதி வைத்திருந்தாள்.

"நா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நீங்க பேச்சுக்குச் சொன்னீங்க. நெலம் பேச்சுக்கா கெடக்குது?"

1990 கோடையில் குட்டை வெட்டினார்கள். சாத்தனூரிலிருந்து கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகள் ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் வந்தன. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு உண்ணாமலை பஸ் ஏறுவாள். மதியம் மூன்றரைக்குத் திரும்புவாள். மீனுக்குத் தீனி தவிடும் புண்ணாக்கும். நிலக்கடலையை அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்பார்கள். மல்லாட்டைப் புண்ணாக்குக்கு அவள் எங்கேயும் அலைய வேண்டியிருக்கவில்லை. மாதம் ஒருமுறை அண்ணன் மில்லிலிருந்து வேன் வந்து கரையில் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகும். விலை கேட்டதற்கு, "தங்கச்சிக்குக் குடுக்கறத எவனாவது எட போட்டுப் பாப்பானா?" என்றான் பரசுராமன்.

அவனுக்கு அவள்மேல் உண்மையாகவே பாசம். கார்த்திகைக்கும் பொங்கலுக்கும் அவனே வேங்கிக்கால் வந்து நிற்பான். அருணாதேவியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் நடப்பான்.

முதல் இரண்டு வருஷ அறுவடையும் நன்றாக இருந்தது. மூன்றாம் வருஷம் உண்ணாமலை இரண்டு மடங்கு குஞ்சு விட்டாள். தீனியையும் இரண்டு மடங்காக்கினாள். புண்ணாக்கு மூட்டைகளைக் குட்டை ஓரத்துக் கொட்டகையில் மண் தரையிலேயே அடுக்கினாள். அடுத்த வேன் வரும் வரை அப்படியே கிடக்கும். மீன்கள் தடித்தன. ஆனால் வலை இழுக்கும்போது ஐம்பதில் ஒன்று முதுகு வளைந்து, கூன் விழுந்ததுபோல வரும். மீன்காரர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு அதைத் தனியாக எடுத்துப் போட்டாள்.

பக்கத்துக் குட்டை இருசப்பனுடையது. ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரே வாய்க்கால் தண்ணீர்தான் இரண்டு குட்டைக்கும். அவர் வருஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் குஞ்சு விடுவார். கரைமேல் மாட்டுக்கொட்டகை, சாணியும் கழுநீரும் குட்டையில் இறங்கும். இருபது வாத்து நீந்தும். அதற்குமேல் அவர் ஒன்றும் செய்யமாட்டார். அவருடைய மீன் உண்ணாமலையின் மீனில் பாதிதான் இருக்கும். கரையில் உட்கார்ந்து அவர் பீடி பிடிப்பதைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சல் வரும்.

1994 ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. கார்த்திகை பிறந்ததும் குளிர் இறங்கியது. ஒருநாள் காலை ரோகு ஒன்று கரையோரம் தலையைத் தூக்கிக்கொண்டு மிதந்தது. கையால் பிடிக்க முடிந்தது. விலாவில் எட்டணா அகலத்துக்குச் சிவப்புப் புண். உண்ணாமலை அதை மண்ணில் போட்டுவிட்டுக் கரையைச் சுற்றினாள். இன்னும் நான்கு இருந்தன. மறுநாள் பதினொன்று. ஒரு வாரத்தில் புண் சதையைத் தின்று, முள் தெரிகிற மீன்கள் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன.

மீன்வளச் சார் ஆய்வாளர் இளவரசன் வந்து பார்த்தார். தூத்துக்குடியில் படித்துவிட்டு வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆன இளைஞர்.

"இது எல்லா ஊர்லயும் வர்ற புண் நோய்ம்மா. மழைத்தண்ணி, குளிரு, ஒரு பூஞ்சை. சுண்ணாம்பு போடுங்க. தீனிய நிறுத்துங்க."

"அவ்ளோதானா சார்?"

"வேற மருந்து இப்ப கைல இல்லம்மா."

அவள் சுண்ணாம்பு போட்டாள். நெஞ்சுவரை தண்ணீரில் இறங்கி அவளே கரைத்து ஊற்றினாள். கை தோல் உரிந்தது. ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. அந்த மீனைத் தின்றால் மனுஷனுக்கும் புண் வரும் என்று. அது பொய் என்று இளவரசன் சொன்னார். வாங்குகிறவர்களிடம் யார் போய்ச் சொல்வது? தவிர, தீப மாதத்தில் பாதிப் பேர் கவிச்சியே தொடமாட்டார்கள்.

தீபத்தன்று திருவண்ணாமலைக்குள் வரும் பஸ்ஸெல்லாம் திணறின. சாயந்திரம் மலைமேல் தீபம் ஏற்றிய நேரத்தில் உண்ணாமலை குட்டைக் கரையில் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். கை முழுக்க ஈரமண். தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததும் கும்பிடக் கை எடுத்தாள். கையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. புடவையில் துடைத்துவிட்டு மறுபடி கும்பிட்டாள். அன்று புதைத்தது நாற்பது கிலோவுக்குக் குறையாது.

வீட்டில் அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். இராமலிங்கம், "கொஞ்சம் உக்காரேன், நீ நடக்கறத பாத்தா எனக்குத் தல சுத்துது" என்றான்.

"ஒரே தண்ணிங்க. ஒரே குஞ்சு. பக்கத்துக் குட்டையில ஒரு மீன் சாவல. எனக்கு மட்டும் ஏன்?"

"அவருக்கு நல்ல நேரம்."

"அவரு ஒண்ணுமே செய்யல. நா எல்லாத்தையும் செஞ்சேன்." அதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது.

தை மாதம் இருசப்பன் வலை போட்டார். உண்ணாமலை கூப்பிடாமலேயே போய் நின்றாள். வலையிலிருந்து ஒவ்வொரு மீனாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒரு ரோகுவின் விலாவில் கைவிரல் நுனி அளவுக்கு வெளிறிய தழும்பு. அதன்மேல் சின்னச் செதில்கள் முளைத்திருந்தன. இன்னொன்றிலும் அப்படி. பத்துப் பதினைந்து மீன்களில் இருந்தது.

"மாமா, உங்க மீனுக்கும் புண்ணு வந்துகீதே."

"வந்துச்சு போலகீது. நா பாக்கல."

"தானா ஆறிகீது."

"ஆறாம? உனக்கும் எனக்கும் கால்ல கல்லு குத்துனா ஆறறதில்லையா?"

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார். அவள் கையிலிருந்த மீனை மறுபடி திருப்பிப் பார்த்தாள். நோய் வாய்க்கால் வழியாக இரண்டு குட்டைக்கும்தான் வந்திருக்கிறது. அவருடைய மீன் அதைத் தாங்கியிருக்கிறது. அவளுடைய கொழுத்த மீனால் முடியவில்லை.

"நீங்க இன்னாத்த போடறீங்க மாமா?"

"நா இன்னாத்த போட? ஒண்ணும் போடறதில்ல. தண்ணியில ஊறறத அதுவே தின்னுக்குது."

அவளுக்குக் கோபமாக வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. கிளம்பும்போது, பார்க்க விட்டாரே என்று ஒரு கூடைப் புண்ணாக்கைக் கொண்டுவந்து அவருடைய வாத்துகளுக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்போதுதான் பொரித்த வாத்துக்குஞ்சுகள் பதினான்கு இருந்தன. இருசப்பன் புண்ணாக்கை ஊறவைத்து அவற்றுக்குத்தான் வைத்தார்.

ஆறாம் நாள் அவர் ஒரு பிளாஸ்டிக் தட்டோடு கரைக்கு வந்தார். தட்டில் ஒன்பது வாத்துக்குஞ்சுகள், கழுத்து பின்னால் வளைந்து, விறைத்துக் கிடந்தன.

"நேத்து வரிக்கும் நல்லா நடந்துச்சிங்க. நீ குடுத்தது தவிர வேற எதுவும் வெக்கல. சண்டைக்கு வரலம்மா. நீயே பாரு" என்றார்.

அவர் போனதும் உண்ணாமலை கொட்டகைக்குள் போனாள். ஒரு புண்ணாக்குக் கட்டியை எடுத்துக் கல்லில் மோதி உடைத்தாள். வெளியே வெறும் பழுப்பு. உள்ளே விரிசலில் பச்சையும் சாம்பலும் கலந்த பூஞ்சணம். முகர்ந்து பார்த்தாள், ஈரத் துணி மூடிவைத்த வாடை. அடுத்த கட்டி. அதற்கடுத்தது. பத்துக் கட்டியை உடைத்துவிட்டு, வெளியே வந்து வாய்க்காலில் கை கழுவினாள். இத்தனை வருஷத்தில் ஒரு கட்டியைக்கூட அவள் உடைத்துப் பார்த்ததில்லை. மூட்டையோடு ஊறவைத்து அப்படியே போட்டிருக்கிறாள்.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் கட்டிகளோடு இளவரசன் மேஜைக்கு முன்னால் நின்றாள். அவர் புரட்டிப் பார்த்தார். "பூஞ்சை நஞ்சா இருக்கலாம்மா. வாத்துக்குஞ்சு அதுக்குச் சீக்கிரம் செத்துடும். ஆனா பாத்தவுடனே சொல்லிட முடியாது. சோதிக்கணும். நாமக்கல் பக்கம் கோழித் தீவனம் சோதிக்கிற எடம் ஒண்ணு இருக்குது. நா லெட்டர் குடுக்கறேன், தபால்ல அனுப்பலாம்."

"தபால்ல எதுக்கு சார். நானே எடுத்துக்கினு போறேன்."

சேலம் வழியாக நான்கு பஸ் மாறி அன்றே போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பதினோரு நாள் கழித்துத்தான் முடிவு வரும் என்றார்கள். அந்தப் பதினோரு நாளும் வேங்கிக்கால் தெருவில் தபால்காரரை அவள் முனையிலேயே மறித்தாள். ஒருநாள் இட்லிக்கு உளுந்து ஊறவைத்ததை மறந்து இரண்டாம் முறையும் ஊறவைத்தாள். அருணாதேவிக்குப் பின்னிய சடையை அவிழ்த்து மறுபடி பின்னினாள். அந்தப் பெண், "அம்மா, வலிக்குது" என்ற பிறகுதான் விட்டாள்.

காகிதம் வந்தது. நஞ்சு இருந்தது, கோழிக்கு விடக்கூடிய அளவைவிடப் பல மடங்கு. இளவரசன் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"இது மீன உடனே கொல்லாதும்மா. கல்லீரல அரிக்கும். நோயோட சண்ட போடற தெம்ப எடுத்துடும். மேலுக்கு மீன் நல்லா கொழுகொழுன்னு இருக்கும். அப்பறம் ஒரு குளிரு, ஒரு பூஞ்சை வந்தா சரிஞ்சிடும். இன்னொண்ணு. உங்க புண்ணாக்கு சுத்தமாவே இருந்திருந்தாலும் பிரச்சனை கொஞ்சம் இருந்திருக்கும்."

"எப்படி சார்?"

"முதுகு வளஞ்ச மீன் வந்துச்சுன்னு சொன்னீங்கல்ல? அது வைட்டமின் சி இல்லாத கொற. இருசப்பன் குட்டையில மீன் கம்மி. தண்ணியில இருக்கற பாசி, பூச்சி, புழு எல்லாத்துலயும் சத்து இருக்குது, அதத் தின்னு சமாளிக்குது. உங்க குட்டையில மீன் ஜாஸ்தி. எல்லாம் உங்க கையத்தான் நம்பி இருக்குது. நீங்க போடறது வயித்த நெறப்புது. புண்ணு ஆற வேண்டிய சத்து அதுல இல்ல."

அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "இந்தப் பூஞ்சணம் மில்லுலயே வந்ததா, எங் கொட்டகையில வந்ததா சார்?" என்றாள்.

"ரெண்டும் இருக்கலாம். ஈரத் தரையில அடுக்கினா வளரும்தான்."

அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. அங்கிருந்து நேராகக் கீழ்பென்னாத்தூர் மில்லுக்குப் போனாள். பரசுராமன் கல்லாவை விட்டு எழுந்து வந்தான். "வாம்மா. மத்தியானத்துல வந்துகீற. சாப்ட்டியா?"

அவள் பையிலிருந்து கட்டியை எடுத்து மேஜைமேல் வைத்து உடைத்தாள். "அண்ணா, இது எந்த மல்லாட்டையில ஆட்டினது?"

"எல்லாம் ஒரே மல்லாட்டதான்."

"இல்லண்ணா. பாரு."

அவன் பார்த்தான். முகர்ந்து பார்க்கவில்லை. அதை அவள் கவனித்தாள். முகர வேண்டிய தேவை அவனுக்கு இல்லை என்று அப்போதே புரிந்துவிட்டது.

"மழையில நனஞ்ச மூட்ட கொஞ்சம் இருந்துச்சு. களம் பூரா மண்ணு, எங்கன்னு காயவெக்கிறது. தூக்கியா போடமுடியும்?"

"மாட்டுக்காரங்களுக்கும் இதத்தான் குடுத்தியா?"

அவன் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து அவன் மனைவி ஜோதியம்மாள் வந்தாள். கணவனை ஒருமுறை பார்த்துவிட்டு உண்ணாமலையிடம் சொன்னாள். "அவங்க மோந்து பாத்துட்டு வேணாம்னுட்டாங்க. மாடு திங்க மாட்டேங்குது, பாலு கம்மியாவுதுன்னு. ரெண்டு வருசமா அந்த மூட்டையத்தான் உனக்குன்னு தனியா அடுக்கி வெக்கிறாரு. நா வேணாம்னுதான் சொன்னேன்."

பரசுராமன் கட்டியின் தூளை மேஜையிலிருந்து கையால் வழித்தான். "தண்ணியில போடறதுதானே. கழுவிகினு போய்டும்னு நெனச்சேன். நா உனக்குக் கெட்டது நெனப்பனா உண்ணாமல?"

"நெனக்கல. அதாண்ணா எனக்குப் பேஜாரா கீது. நெனச்சிருந்தா சண்ட போட்டுட்டு போயிருப்பேன்."

அவள் குரல் உயரவில்லை. "இனிமே வேன் அனுப்பாத" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். அடுத்த மாதமும் வேன் வந்தது. கரையிலேயே நின்று திருப்பி அனுப்பினாள். டிரைவர் இரண்டு முறை கேட்டான், அண்ணனுக்கு இன்னா சொல்றதுன்னு. அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனாள். அதற்குப் பிறகு வேன் வரவில்லை. பரசுராமனும் வேங்கிக்காலுக்கு வரவில்லை.

கோடையில் குட்டையை வற்றவைத்து, வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு தூவி, மறுபடி குஞ்சு விட்டாள். இந்த முறை பாதிதான். புண்ணாக்கை வேறு மில்லில் வாங்கி, வாங்கும் இடத்திலேயே மூட்டைக்கு நான்கு கட்டி உடைத்துப் பார்த்தாள். மில்காரர்கள் முகம் சுளித்தார்கள். மூட்டைகள் மரச்சட்டத்தின்மேல் ஏறின. தவிடு, புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், மரவள்ளி மாவு எல்லாவற்றையும் அண்டாவில் வேகவைத்து, கோழித் தீவனக் கடையில் வாங்கிய வைட்டமின் பொடியையும் தாதுப்பொடியையும் அதிலேயே கொட்டிக் கிளறி, முறுக்கு அச்சில் பிழிந்து காயவைத்தாள். இளவரசன் வந்து பார்த்தவர் கேட்டார்.

"பொடிய எப்பம்மா போட்டீங்க?"

"வேகும்போதே சார். அப்பதானே நல்லா கலக்கும்."

"சூட்டுல போட்டா வைட்டமின் சி செத்துடும்மா. ஆறினப்பறம்தான் போடணும். வெயில்லயும் காயவெக்கக் கூடாது, நெழல்ல. பத்து நாளுக்கு மேல வெச்சிருந்தாலும் போய்டும்."

ஒன்றரை மாதமாக அவள் செத்த பொடியைத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று பஸ்ஸில் அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டே போனாள்.

சரியாகப் போட்டாலும் அது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? நோய் வரும்வரை காத்திருக்க அவளால் முடியாது. சவுக்குக் கம்பு நட்டு, நைலான் வலையில் நான்கு கூண்டு தைத்துக் குட்டைக்குள் கட்டினாள். ஒவ்வொன்றிலும் இருபது மீன். இரண்டு கூண்டுக்குச் சுத்தமான புண்ணாக்கும் தவிடும். இரண்டுக்குப் புதுத் தீனி. ஐம்பது நாள் கழித்து எண்பது மீனையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, எந்தத் தீனியில் காயம் ஆறுகிறது என்று பார்க்க விலாவில் நான்கு செதிலை நகத்தால் பெயர்த்துவிட்டாள். முதல் மீனைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். அது கையில் துள்ளியது. பிறகு கண்ணை மூடாமல் பெயர்த்தாள்.

மூன்றாம் நாளே பார்க்கப் போனாள். "தொட்டுத் தொட்டுப் பாத்தா அதுங்க பயத்துலயே செத்துடும், உடும்மா" என்றார் இருசப்பன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பதாம் நாள் வரை விட்டாள். பத்தாம் நாள் கூண்டைத் தூக்கினாள். பழைய தீனி தின்ற நாற்பதில் பதினேழு மீனுக்குக் காயத்தின் ஓரம் சிவந்திருந்தது, இரண்டு செத்திருந்தன. புதுத் தீனி தின்ற நாற்பதில் முப்பத்தாறுக்குத் தோல் மூடியிருந்தது. நான்கு மூடவில்லை. அந்த நான்கை அவள் பலமுறை திருப்பிப் பார்த்தாள். இளவரசன், "நாப்பதும் ஆறினா நீங்க பொய் சொல்றீங்கன்னு நெனச்சிருப்பேன்" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நான்குக்கு என்ன குறை என்று யோசித்தபடியே பஸ் ஏறினாள்.

1998 வைகாசியில் அருணாதேவி பெரியவளானாள். மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் வராமல் முடியாது. இராமலிங்கம் போய் அழைத்துவிட்டு வந்தான். என்ன பேசினான் என்று அவள் கேட்கவில்லை. காலையிலிருந்து வாசலுக்கும் சமையல்கட்டுக்கும் நடந்தாள். அண்ணனோடு சண்டையென்று ஊர் பேசுமே என்பதுகூட இல்லை. வந்தால் எப்படி முகத்தைப் பார்ப்பது என்பதுதான்.

பரசுராமன் வந்தான். பின்னால் ஜோதியம்மாள், பதினோரு தட்டு. மருமகளுக்கு மாலை போட்டு, புடவையைக் கையில் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் நிற்காமல் கொல்லைப் பக்கம் போய்ச் செருப்பில்லாமல் நின்றான். அவள் தண்ணீர் கொண்டுபோனாள். நரை விழுந்திருந்தது.

சொம்பை வாங்கிக்கொண்டு அவன் சொன்னான். "களத்துக்கு சிமெண்ட்டு போட்டுட்டேன். மேல தகரமும் போட்டுகீறேன். மழ வந்தா மூட்ட நனையாது."

"எப்ப?"

"போன தை. காயாதத மில்லுக்குள்ள உடறதில்ல. நனஞ்சது வந்தா எரிச்சிடறேன்." தண்ணீரைக் குடித்தான். "மாட்டுக்காரனுங்க திரும்ப வரானுங்க."

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பு என்று அவன் வாயில் வராது என்று தெரியும்.

"எங் கொட்டகையும் சரியில்லண்ணா. ஈரத்துலதான் போட்டு வெச்சிருந்தேன். பாதி எந் தப்பு."

"பாதி இருக்காது" என்றான் அவன்.

"ரெண்டு மூட்ட அனுப்பு. ஒடச்சிப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

"ஒடச்சிக்கோ."

இரண்டு மூட்டையும் நன்றாக இருந்தன. மூன்றாவது வேனில் ஒரு மூட்டையை அவள் திருப்பி அனுப்பினாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை, அடுத்த வாரமே மாற்றி அனுப்பினான். எடைக்கு எடை காசு கொடுத்துத்தான் வாங்கினாள். அதற்கு மட்டும் அவன் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்தான்.

2002இலும் அடுத்த வருஷமும் மழை இல்லை. குட்டை வெடித்துக் கிடந்தது. உண்ணாமலை அந்த இரண்டு வருஷமும் சும்மா இருக்கவில்லை. வந்தவாசி, சேத்துப்பட்டு என்று மீன் குட்டை வைத்திருந்தவர்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்த் தீனியைப் பார்த்தாள். போனவுடன் கொட்டகைக்குள் நுழைந்து, கேட்காமலே ஒரு கட்டியை எடுத்து உடைப்பாள். சிலருக்கு அது பிடிக்காது. இளவரசன் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவார், அதில் கூண்டு மீன் கணக்கை மறக்காமல் விசாரிப்பார்.

2005இல் மழை கொட்டியது. குட்டை நிரம்பி, கரை உடையும் நிலைக்கு வந்தது. புது மீன் உள்ளங்கை அளவு வளர்ந்திருந்தபோது கார்த்திகை பிறந்து குளிர் இறங்கியது. ஒரு காலையில் வலை போட்டுப் பார்த்ததில் மூன்று ரோகுவுக்குச் சிவப்புப் புண். மறுநாள் ஏழு. இருசப்பன் குட்டையிலும் வந்திருந்தது. அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. அவளே போய்ப் பார்த்துச் சொன்னாள்.

சுண்ணாம்பு போட்டாள். தீனியை நிறுத்தவில்லை, குறைத்தாள், பொடியைக் கூட்டினாள், அன்றன்று பிழிந்ததை அன்றன்றே போட்டாள். இருபது நாள் வேங்கிக்காலுக்கும் குட்டைக்குமாக அலைந்தாள். முப்பத்திரண்டு மீன் செத்தது. எண்ணினாள். முப்பத்திரண்டோடு நின்றது.

மார்கழி பிறந்து பத்தாம் நாள் வலையில் வந்த ஒரு ரோகுவைப் பிடித்துத் திருப்பினாள். விலாவில் வெளிறிய தழும்பு, அதன்மேல் பொடிப்பொடியாகச் செதில். கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். வழுவழுவென்று இருந்தது. மீன் உதறிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது.

"ஆறிடுச்சா?" என்று கரையிலிருந்து இருசப்பன் கேட்டார்.

"ஆறிடுச்சு மாமா."

"அப்பறம் இன்னா? உக்காரு கொஞ்ச நேரம்."

"அந்த மூலையில இன்னும் பாக்கல" என்று சொல்லிக்கொண்டே அவள் வலையை மறுபடி இழுத்தாள்.